தூக்காத கை

நான் பல்கலைக்கழக வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு பேசாத தோழிக்கு,

விடைத்தாள் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போய்விட்டது. அன்று நம் குழுவில் பேசிய அதே அரசின்மைக் கோட்பாடுதான் பாடம். யாரும் யாரையும் ஆளக்கூடாது என்று நடத்திவிட்டு, கையோடு வருகைப் பதிவும் எடுக்கிறேன். நன்றாகச் சிரித்துக்கொள்.

உன் மகள் என் மாணவிதான். வகுப்பில் மேடம், வராந்தாவில் சித்தி. உன்னைப் போலவே பாதியில் குறுக்கே பேசுவாள். இரண்டு மாதமாக வகுப்புக்கு வரவில்லை. வீடு இடிபட்டவர்களோடு சேர்ந்து பொதுச் சமையலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயால் நடத்தும் பாடத்தை அவள் அங்கே கையால் செய்துகொண்டிருந்தாள்.

நேற்றுத் துறைக் கூட்டத்தில் வருகை குறைந்தவர்களின் பட்டியலை வாசித்தார்கள். அதில் பெயர் இருந்தால் தேர்வு எழுத முடியாது; உன் மகளின் பெயரும் இருந்தது. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று துறைத்தலைவர் கேட்டார். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று வராந்தாவில் அவளே என்னைத் தேற்றினாள்.

"விடுங்க சித்தி. நீங்க அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டீங்க. உங்க பழைய குழுவுல ஒருத்தர் மறுத்தாலே முடிவு நின்னுடுமாமே? அம்மாவை வெளியே அனுப்பணும்னு எல்லாரும் சொன்னப்போ, நீங்க மட்டும் கூடாதுன்னு கை தூக்கினீங்களாம். அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க."

இனி அந்தக் கதையை அவளிடம் சொல்லாதே. நேற்று நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

உன் பழைய தோழி