பெயர் ஒட்டிய பெட்டிகள்

ஜூன் 2, திங்கள்

வீட்டிலேயே பாடம் என்று முடிவெடுத்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. நேற்று இவர் தட்டுக்கு அடியில் பெரியவனின் பின்னக் கணக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று ஒரு கை பார்த்துவிட்டேன். பிள்ளைகள் மூன்று, பெட்டிகள் மூன்று. பெரியவனுக்கு நீலம், நடுவுள்ளவளுக்கு மஞ்சள், சின்னவனுக்குப் பச்சை. புத்தகம், பென்சில், பசை எல்லாம் அவரவர் பெட்டியில். மூடிமேல் பெயரும் வாசிப்பில் எந்த நிலை என்பதும் எழுதி ஒட்டினேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன, ஆபீஸ் திறந்துட்டியா?" என்றார்.

திறந்துவிட்டேன்தான்! என்னை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

பெரியவன் தன் பெட்டிக்குப் பூட்டு கேட்கிறான். துரைக்கு என்ன ரகசியமோ.

ஜூன் 6, வெள்ளி

மஞ்சள் பெட்டியைக் காணோம். வீட்டையே தலைகீழாக்கினேன். அழுக்குத் துணிக்கூடைக்குள் இருந்தது, ஒட்டிய தாள் கிழிந்து. கத்தித் தீர்த்தேன். பார்த்துப் பார்த்து அடுக்கினவளுக்குக் கோபம் வராதா? நடுவுள்ளவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சின்னவன்தான் சொன்னான்: "அக்காவுக்கும் எனக்கும் ஒரே நிலைம்மா. ஒரே புக்கு. நான் முடிச்சிட்டேன், அவ இன்னும் முடிக்கல."

அவளுக்கு ஒன்பது வயது, இவனுக்கு ஆறு. வாசிக்கத் திணறுகிறாள் என்று வகுப்பே சிரித்ததால்தானே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம்? இங்கே நானே அதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கேன். என் புத்தி எங்கே போச்சு? இனி புத்தகத்தையே தொடமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்? மனசே ஆறலை.

ஜூன் 7, சனி

மூன்று பெட்டியையும் கவிழ்த்தேன். இனி ஆளுக்கொரு பெட்டி கிடையாது. வாசிக்க ஒன்று, கணக்குக்கு ஒன்று, வெட்டி ஒட்ட ஒன்று. பெயரும் இல்லை, நிலையும் இல்லை. வேண்டியதை யாரும் எடுக்கலாம்.

பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் சின்னப் புக்கெல்லாம் எடுத்துப் படிடா" என்றேன்.

"நானா? யானைக்குப் பல்வலி வந்த கதையையா?" என்று முகத்தைச் சுளித்தான். மதியம் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தான். தங்கைக்காக நடிக்கிறான் என்று நினைத்தேன். இல்லை, நிஜச் சிரிப்புதான்.

நடுவுள்ளவள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

ஜூன் 11, புதன்

மறுபடியும் எல்லாம் கலந்து கிடக்கிறது. கணக்குப் பெட்டியில் பசை கொட்டியிருக்கிறது. "ஆபீஸை மூடியாச்சா?" என்கிறார் இவர். மூடியாச்சு சாமி.

ஜூன் 19, வியாழன்

சமைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாரோ எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிக்கும் குரல். எட்டிப் பார்த்தால் நடுவுள்ளவள், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. ஒரு வார்த்தையில் சிக்கி நின்றுவிட்டாள். ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுக்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"டேய், இது என்னடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

அவன் சொன்னான். அவள் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

சாப்பிடக் கூப்பிட்டேன். பெரியவனும் சின்னவனும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இரும்மா, இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."