தூர்த்த துறை

மார்ச் 4, செவ்வாய்

இன்று சுற்றுலாப் படகில் மூன்று நடை. கடைசி நடையில் எதிர்காற்று. மைக்கில் பேசிய என் குரல் எனக்கே கேட்கவில்லை. நல்லதுதான், நான் சொன்ன பதில்கள் அந்த லட்சணம். "இந்த ஊர்ல பார்க்கறதுக்கு அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒரு தொப்பிக்காரர் கேட்டார். "நீங்க வந்து இறங்கற வரைக்கும் எல்லாம் இருந்துச்சு" என்றேன். படகு ஓட்டும் டிரைவர் அண்ணன் திரும்பி முறைத்தார்.

வீட்டுக்கு வந்தால் கதவில் சிவப்புப் பெயின்டில் எண். எங்கள் வரிசை முழுக்க எல்லா வீட்டுக் கதவிலும் எண். எங்களுடையது 7, வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு போட்ட ஏழு. அந்தக் கோடு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? ஸ்லேட்டில் அவன் கையைப் பிடித்து ஏழு எழுதப் பழக்கியவள் நான்.

தம்பி. நிலம் அளப்பது அவன் தொழில். ஊரையெல்லாம் அளந்துவிட்டுக் கடைசியில் பிறந்த வீட்டையும் அளந்துவிட்டான்.

அம்மாவிடம் கேட்டேன். "வந்தான். தண்ணி கேட்டான், குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

கோபம் ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுகிறதா பார்ப்போம்.

பழைய துறைமுகம் ஊருக்கு வெளியே போன பிறகு கரை சும்மாதான் கிடந்தது. சும்மா கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாத ஒரு நிறுவனம் வந்துவிட்டது. கரையோரம் முழுக்க நடைபாதை, கண்ணாடிக் கட்டிடங்கள், உட்கார்ந்து காற்று வாங்கப் பெஞ்சுகள். எல்லாவற்றுக்கும் நடுவில் கண்ணில் விழுந்த தூசி மாதிரி எங்கள் வரிசை. எங்களுக்கு ஊருக்குள் அடுக்குமாடி வீடு தருவார்களாம். நிறுவனத்துக்கு அளந்து கொடுப்பவன் என் தம்பி. கூடவே பிறந்து குழி பறிப்பது என்பார்கள், இவன் அளவெடுத்துப் பறிக்கிறான்.

படகில் நான் தினமும் சொல்வதுதான் — இந்தக் கரை எந்தக் காலத்தில் நின்ற இடத்தில் நின்றது? முதலில் உப்புக் கிடங்குகள். தண்ணீர் அவற்றின் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு மரவாடி. அது எரிந்ததும் எரிந்த கட்டைகளையே கடலில் தள்ளி மேடாக்கி நிலக்கரிக்கு இடம் செய்தார்கள். கலங்கரை விளக்கம் இன்றைக்குக் கார் நிறுத்தத்தின் நடுவில் நிற்கிறது, வழி தவறிய ஆள் மாதிரி. கரைத் தெருவில் நின்றால் கரை தெரியாது. ஒவ்வொரு தலைமுறையும் கடலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, "இதுதான் கரை" என்று சொல்லியிருக்கிறது.

ஆறவில்லை.

மார்ச் 12, புதன்

நிறுவனத்திலிருந்து ஒரு பெண் படகுக்கு வந்தாள். எதைச் சொன்னாலும் சிரிக்கிறாள். பல்லழகி என்று பெயர் வைத்துவிட்டேன். இனி மைக்கில் நான் சொல்ல வேண்டியதை அவளே எழுதி எடுத்து வந்திருந்தாள். படித்துக்கொண்டே கரித்துறைக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"இது என்னம்மா, முத்துத்துறை?"

"கரின்னா கேட்கறவங்களுக்கு அழுக்கு ஞாபகம் வருதும்மா. முத்துன்னா அழகா இருக்குல்ல?" சிரிப்பு.

அழகாகத்தான் இருக்கிறது. அப்பா வேலை பார்த்தது அந்த முத்துத்துறையில்தான். கப்பலிலிருந்து கரி இறக்கும் படகில். நான் பள்ளியில் இருந்தபோது ஒரு மத்தியானம் பலகை வழுக்கி உள்ளே விழுந்தார். தேடினார்கள், கிடைக்கவில்லை. அடியில் அவ்வளவு கரிச்சேறு. அடுத்த வருஷமே, துறை இனி வேண்டாமென்று இடித்த கிடங்குகளின் கல்லையும் செங்கல்லையும் லாரியில் கொண்டுவந்து கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அப்பாவை எடுக்காமலே. இப்போது அது எங்கள் வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு வெற்று மைதானம். அதன் மேல்தான் தேநீர்க் கடையும் நீரூற்றும் வரப்போகின்றன.

தம்பிக்கு அப்போது நடக்கவே வராது. அவனுக்கு என்ன தெரியும்.

மார்ச் 13, வியாழன்

முத்தாம். இந்தத் தண்ணீரில் ஒரு சிப்பி செத்து மிதந்துகூட நான் பார்த்ததில்லை.

மார்ச் 22, சனி

செய்துவிட்டேன். வருத்தமில்லை.

நிறுவனத்தின் விருந்தாளிகள் படகு முழுக்க. வெள்ளைச் சட்டைகள், வாசனை. முன்வரிசையில் பல்லழகி. உப்புக் கிடங்கு வரைக்கும் அவள் எழுதியதையே சொன்னேன், நல்ல பிள்ளையாக. கரித்துறை வந்ததும் மைக்கை வாயருகே கொண்டுவந்தேன்.

"இது முத்துத்துறை இல்ல. கரித்துறை. தூர்த்த மண்ணுக்கு அடியில எங்க அப்பா இருக்கார். நீங்க டீ குடிக்கப் போறது அவர் நெஞ்சு மேல. சர்க்கரை அளவாப் போட்டுக்கங்க."

ஒருவர் சிரித்துவிட்டார், வேடிக்கை என்று நினைத்து. பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் தட்டி நிறுத்தினார். பல்லழகியின் பற்கள் முதல்முறையாக உள்ளே போயின. டிரைவர் அண்ணன் படகைத் திருப்பினார்.

இறங்கும்போதே தெரிந்துவிட்டது. மறு தகவல் வரும்வரை நான் வர வேண்டாமாம்.

மார்ச் 23, ஞாயிறு

தம்பி வந்தான். வாசலிலேயே நின்றான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"அக்கா, சண்டை போடு, வேணாங்கல. அப்பாவ எதுக்கு இழுக்கற?"

"உனக்கு அவர் அப்பாவா? நீ ஒரு முழம் தள்ளி அளந்திருந்தா அவர் தப்பிச்சிருப்பாரே!"

"எனக்கு அவர் முகமே தெரியாது. நீ சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அப்பா. அதயும் இப்ப ஊர் சிரிக்க வச்சுட்ட."

கதவைச் சாத்தினேன். அவன் எழுதிய ஏழு அவன் மூஞ்சிக்கு நேராகப் போய் நின்றது. எனக்குத் திருப்தி. உள்ளே அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். "சாப்பிடாம போறான்" என்றாள். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறதா?

இருக்கிறது. அம்மா வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் அப்பாவை விட்டு அவள் எங்கே போவாள்?

ஏப்ரல் 5, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் வரிசை மொத்தமும் வந்திருந்தது. மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் படத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு தம்பி. நான்தான் முதலில் பேசினேன். நன்றாகவே பேசினேன். உப்பு, மரம், கரி என்று ஒவ்வொரு காலத்திலும் கரையை விற்றவர்கள் யார், வாங்கியவர்கள் யார், துரத்தப்பட்டவர்கள் யார் என்று சொன்னேன். முடிக்கும்போது, "எங்க அப்பா அந்த மண்ணுக்குள்ள இருக்கார். அவர விட்டுட்டு நாங்க எங்கயும் வர மாட்டோம்" என்றேன். கைதட்டல். பக்கத்து வீட்டு அக்கா அழுதேவிட்டாள்.

அப்போது இரண்டாம் வரிசையில் அம்மா எழுந்தாள். நான் எழச் சொல்லவில்லை. மைக்கைக் கொண்டுபோய் நீட்டினார்கள், வாங்கவில்லை.

"என் பொண்ணு 'நாங்க'ன்னு சொல்லுது. அதுல நான் இல்ல" என்றாள். "எனக்கு எங்க வீடு தர்றீங்களோ, அங்க போறேன். முதல்ல என்னை அனுப்பிடுங்க. தண்ணி தெரியாத பக்கமாக் குடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். அதிகாரி தலையைக் குனிந்து எதையோ எழுதினார். எனக்காகக் கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே தெரிந்தது — எல்லாரும் போகத்தான் போகிறார்கள். முதலில் எழ ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது என் அம்மா.

தம்பிதான் சொல்லிக்கொடுத்திருப்பான். வேறு யார்?

ஏப்ரல் 6, ஞாயிறு

பெற்றவளே மூஞ்சியில் கரியைப் பூசிட்டா. ஊர் முன்னாடி. ஏன்மா? என்ன கேடு வந்துச்சு உனக்கு?

ஏப்ரல் 10, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. அவள் ஒரு அடுப்பில், நான் ஒரு அடுப்பில். உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறோம். சுவர் தருகிறது.

ஏப்ரல் 19, சனி

அம்மா போய்விட்டாள். தம்பி வண்டி கொண்டுவந்தான். பாத்திரம், கட்டில், தையல் மெஷின். நான் பின்வாசலில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன், திரும்பவில்லை. கிளம்பும்போது "உன் துணியெல்லாம் கொடியிலயே இருக்கு, மழை வருது" என்றாள். வழியனுப்ப வேண்டியவள் நான், புத்தி சொல்கிறாள் அவள்.

மழை வந்தது. துணியை எடுக்கவில்லை. நனையட்டும்.

ஏப்ரல் 30, புதன்

வரிசையில் பாதி காலி. போனவர்கள் ஜன்னல்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். மூலை வீட்டை இயந்திரம் இடித்தது. உள்ளே சுவரில் பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் கறுப்பு. கரித்தூள் சுவருக்குள் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை. அதைத்தான் நாங்கள் இத்தனை வருஷம் மூச்சாக விட்டுக்கொண்டிருந்தோமா?

சரி, இருக்கட்டும். என் அழுக்கு என்னுடையது.

மே 11, ஞாயிறு

மத்தியானம் அம்மா வந்தாள். பஸ்ஸில் தனியாக. கையில் தூக்குச்சட்டியில் சாப்பாடு. நெற்றியெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"அப்பாவ அம்போன்னு விட்டுட்டுப் போனவளுக்கு என் வயித்து மேல மட்டும் என்ன கரிசனம்?"

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"விட்டுட்டுப் போனேனா? ஏண்டி, உனக்கு அவர் மைக்ல சொல்ற கதை. படகுல தள்ளி நின்னு கையக் காட்டற. எனக்கு அப்படியா? லாரி லாரியாக் கொட்டறப்ப இந்த வாசல்ல நின்னு பார்த்தேன். நிறுத்துங்கடான்னு யார்கிட்ட சொல்ல? கைல உன் தம்பி, பக்கத்துல நீ. உன்னப் பள்ளிக்கூடத்துல விடணும்னா அது மேலதான் நடக்கணும். கடைக்குப் போகணும்னா அது மேலதான். இன்னிக்கு உனக்குச் சோறு கொண்டாறதுக்கும் அது மேலதான் வந்தேன். தினம் புருஷன மிதிச்சுக்கிட்டே காய் வாங்கிட்டு வந்திருக்கேன்டி. போதும். கால் கூசுது."

அவள் குரல் உயரவே இல்லை. காய் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"தம்பி சொல்லிக்குடுத்துதான் கூட்டத்துல..."

"அவன் என்னப் பேச வேணாம்னான். அக்கா மனசு ஒடஞ்சிரும்னான்."

"இத்தனை வருஷம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க பேச விட்ட? உங்கிட்டதான மைக் இருக்கு."

சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். போகும்போது பஸ் நிறுத்தம் வரை கூடப் போகலாமென்று எழுந்தேன். வாசலில் அவள் இடதுபக்கம் திரும்பி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும் நீள வழியில் நடக்க ஆரம்பித்தாள். வெயில் கொளுத்தியது. சுற்றியே போனோம்.

மே 12, திங்கள்

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 1, ஞாயிறு

வந்துவிட்டேன். யாருக்கும் பணிந்து அல்ல. அம்மாவுக்கு லிப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை, மாடிப்படியில் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறாள். அதற்காகத்தான்.

வீடு தீப்பெட்டி. சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டுக்காரர் "யாரு?" என்கிறார். அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். அந்த வீட்டில் அவள் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை.

தம்பி ஞாயிறுதோறும் வருவானாம். வரட்டும். நான் வெளியே போய்விடுவேன்.

ஜூன் 18, புதன்

படகுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். என் இடத்தில் வைத்த பெண்ணுக்குப் படகு அசைந்தாலே வாந்தியாம். டிரைவர் அண்ணன், "இனிமேலாவது வாயக் கட்டு தாயே" என்றார். "கட்டிட்டா எதுக்கு மைக்?" என்றேன்.

எங்கள் வரிசையும் மைதானமும் இருந்த இடத்தில் தகர வேலி. வேலியில் நீரூற்றின் படம், படத்தில் யாரோ சிரிக்கிறார்கள், எல்லாருக்கும் பல்லழகியின் பற்கள். அந்த இடம் வந்ததும், "இது கரித்துறை. தூர்த்துட்டாங்க" என்றேன். முத்து என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அப்பாவைப் பற்றி வாய்வரை வந்தது. அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. மைக்கை அணைத்துவிட்டுத் திருப்பம் முடியும்வரை சும்மா இருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெளியே போகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே தம்பி வந்துவிட்டான். கையில் துளைபோடும் மெஷினும் திரைச்சீலைக் கம்பியும். எதிர்க் கட்டிடத்துச் சுவரில் பட்டு வெயில் அம்மாவின் கட்டிலில் விழுகிறது, திரை வேண்டுமாம். அவன் முக்காலியைப் போட்டான். ஒரு கால் குட்டை. ஏறினால் சாய்ந்தது. அம்மா அடுப்படியில்.

வாசல் சண்டைக்குப் பிறகு நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் மேலேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். பிடிவாதம். எங்கள் வீட்டுச் சொத்து அது ஒன்றுதான்.

செருப்பை விட்டுவிட்டு வந்து முக்காலியைப் பிடித்தேன்.

"பிடிச்சிருக்கியா?" என்றான், திரும்பாமல்.

"ஊரையே அளந்தவனுக்கு நேராத் துளை போட வருமான்னு பார்க்கலாம். போடு."

போட்டான். சிமென்ட் தூள் என் தலையில் கொட்டியது. முதல் துளை கோணல். இரண்டாவதும் கோணல். "ஒரே மாதிரி கோணல்னா நேர்தான்" என்றான். ஒரு கையால் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டேன். அடுத்த துளைக்கு அவன் எக்கியபோது முக்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.