தீவுக்கு மேலே ஒரு பறவை

வியாழன், ஜூன் 12

பெங்களூரு பழைய புத்தகக் கடைக்காரர் போனில் சொன்ன படம் இன்று பார்சலில் வந்தது. அந்தக் காலத்துக் கடற்பயண நூலிலிருந்து பிரித்த செப்புத்தகட்டு அச்சு, அதாவது தகட்டில் கோடு செதுக்கி மை தடவி அச்சடித்தது. ஒரு தீவு, ஒரு கப்பல். பார்சலைப் பிரித்ததுமே என் மனைவி ஷகிலா பிடித்துக்கொண்டாள்.

"இதே படந்தான ஆறு வருசமா ஹால்ல தொங்குது? நாளைக்கே திருப்பி அனுப்பிடுங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவளே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருங்க, இதுல பறவை எங்க?" என்றாள்.

புதிதில் வானம் காலி! வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஹால் படத்தில் நான் முதலில் காட்டுவதே அந்தப் பறவையைத்தான். பறவை தெரிந்தால் கரை பக்கம், மாலுமிகளுக்குத் தெம்பு வந்துவிடும் என்பேன்.

ஹால் படத்துப் பறவையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு இறக்கை மட்டும் ஆழமாக, கோணலாக இருக்கிறது. அது செதுக்கிய கோடே இல்லை. இரண்டுக்கும் ஒரே தகடுதான்; புதிதாக வந்த படத்தை அச்சடித்த பிறகு அதில் கீறல் விழுந்திருக்கிறது. கீறலில் மை தங்கினால் வானத்தில் கறுப்புக் கோடு விழும். யாரோ பக்கத்தில் இன்னொரு இறக்கையைச் செதுக்கி, அதைப் பறவையாக்கிவிட்டான்.

யாராக இருக்கும்? கடலையாவது பார்த்திருப்பானா?

திருப்பி அனுப்பப்போவதில்லை. இரண்டையும் சேர்த்தே மாட்டுவேன். ஷகிலாவும் சரி என்றுவிட்டாள்.

ஓசூர் கம்பெனியில் எனக்குப் பதினெட்டு வருடமாக உலோகப் பாகங்களில் கீறல் பார்க்கிற வேலை. அந்தத் தகடு என் மேஜைக்கு வந்திருந்தால், கழிவு என்று சிவப்பு பெயிண்ட் வைத்து ஓரமாகப் போட்டிருப்பேன்.