சூசையின் ஒற்றைக் கண்ணுக்கு ஒரு கண்ணாடி

மச்சான்,

கற்பூரம் மணந்தால் மற்றவர்களுக்குக் கடவுள் ஞாபகம் வரும். எனக்கு, தலையில் துவாய் கட்டிக்கொண்டு, தீப்பிடித்த பூசணிக்காய் ஒன்றை மணலில் உருட்டி அணைக்கும் உம்முடைய உருவம் வருகிறது. இன்று காலை நயினாதீவுக் கோயிலில் பூசை முடிந்து கற்பூரத் தட்டம் என் முன்னால் வந்தபோதும் அதுவே நடந்தது. கையை நீட்டி ஒற்றிக்கொண்டேன். கண்ணை மூடினேன். சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மையார் என்னைப் பக்தி முற்றிய பெரியவர் என்று எண்ணி ஒதுங்கி வழிவிட்டார். இந்த வயதில் கிடைக்கும் மரியாதைகளில் பாதி ஆள் மாறிக் கிடைப்பவை என்று நீர் சொல்லியிருப்பீர்.

அந்தப் பூசணிக்காயை உமக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். பத்திரிகைக்குப் பகிடிக் கதை எழுதிப் பிழைப்பவன் நான்; உம்மைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புனைகிறேன் என்பார்கள்.

சண்டைக்காலத்தில், யப்பான்காரன் எங்கள் வேலணைக்கு வருவான் என்று ஊர் தீர்மானித்தது. எதற்கு வருவான் என்று எவரும் விசாரிக்கவில்லை. வந்தால் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க ஒரு ஆள் கூடும் என்று நான் சொன்னதை ஊர்த் தலைவரான விதானையார் இரசிக்கவில்லை. அவர் கரைக்காவலுக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். துவக்குக்கு அனுமதி வைத்திருந்தவர்கள் சேர்ந்தார்கள். அனுமதி இல்லாமல் துவக்கு வைத்திருந்தவர்கள் இன்னும் உற்சாகமாகச் சேர்ந்தார்கள். மலாயாவில் கணக்கராக இருந்தபோது அங்கே தொண்டர் படையில் சுடப் பழகி, பென்சனோடு ஊர் திரும்பியிருந்த உம்மைப் பயிற்சி கொடுக்கப் பிடித்தார்கள். என் தங்கை உம்மைக் கட்டியிருந்ததால் என்னையும் கூடப் பிடித்தார்கள். எனக்குச் சுடத் தெரியாது. ஆனால் நான் படித்தவன் என்றொரு வதந்தி ஊரில் இருந்தது.

உம்முடைய தோட்டாத் துவக்கு ஒன்றைத் தவிர, எங்களிடம் இருந்தவை எல்லாம் இடியன் துவக்குகள். குழலின் வாய் வழியே மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து நிரப்பி, பின்பக்கத்தில் கேப்பு என்கிற சின்னச் செம்புத் தொப்பி ஒன்றை வைத்து அடிக்க வேண்டும். முன்னால் போகும் சன்னம் எங்கே போகும் என்று எவராலும் சொல்ல ஏலாது. பின்னால் கேப்பு வெடித்துச் சிதறும் செம்புத் துண்டு எங்கே வரும் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

இரண்டாம் கிழமையே ஒரு துண்டு விதானையாரின் காதைக் கீறியது. காயம் சின்னது. கட்டு பெரியது. எல்லாரும் அவரைச் சுற்றி நின்று விசிறினார்கள். நீர் மட்டும் மணலில் கிடந்த துண்டைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் துவக்குத் துடைத்துக்கொண்டிருந்த சூசையைப் பார்த்தபடி நின்றீர்.

"விதானையாருக்குக் காது ரெண்டு இருக்கு, மச்சான். ஒண்டு போனாலும் நட்டமில்லை, ரெண்டாலையும் அவர் ஒருத்தர் சொல்லுறதையும் கேக்கிறேல்லை. அவனைப் பாரும்."

சூசைக்கு இருந்தது ஒரு கண். இடக்கண்ணைச் சிறு வயதிலேயே திருக்கை வால் கொண்டுபோய்விட்டது. மீதி இருந்த வலக்கண்ணைக் கொண்டுதான் அவன் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் வள்ளம் ஓட்டினான். தண்ணீருக்குள் எந்த இடத்தில் கல் இருக்கிறது என்று இரண்டு கண் உள்ளவர்கள் அவனிடம்தான் கேட்பார்கள். படையில் நல்ல சூட்டுக்காரனும் அவனே. நாங்கள் ஒரு கண்ணை மூடுவதா திறப்பதா என்று முடிவெடுக்கும் நேரத்தில் அவன் சுட்டு முடித்திருப்பான். அவனால் படையை விட்டு விலகவும் ஏலாது. காவலில் நிற்பவனின் வள்ளத்தைத்தான் அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தடையில்லாமல் கடலுக்கு விட்டார்கள்.

அன்று பின்னேரமே சுடுவதை நிறுத்தினீர். ஆளுக்கொரு காப்புக் கண்ணாடி வரும்வரை எவரும் துவக்கைத் தொடக்கூடாது என்றீர். விதானையாருக்குக் கண்ணாடி என்ற யோசனை உடனே பிடித்துவிட்டது. மாவட்டத்தை ஆண்ட வெள்ளைக்கார ஏசண்டர் துரை பயிற்சி பார்க்க வருவதாக இருந்தது.

"நல்ல விசயம், பென்சனியர். துரை வாற நேரம் எங்கடை பெடியள் வெறுங்கண்ணோடை நிண்டால் என்ன மரியாதை?"

அவரே பட்டணத்துக்குப் போய்க் கறுப்புக் கண்ணாடிகள் வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு வேலிகளுக்கு இடையே ஒழுங்கையால் நடந்தபோது மூன்று வீட்டுக்காரர் கண் நோய் எப்படி என்று விசாரித்தார்கள். ஒருத்தி பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நீர் அவருடன் வாதாடவில்லை. எங்கள் வீட்டுக் குசினிக்குப் போய் மூன்று பூசணிக்காய்களைத் தூக்கினீர். என் தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கறிக்கு வைச்ச காய். எங்கை கொண்டு போறியள்?"

"சுடப் போறன்."

"சுட்டாப்பிறகாவது திருப்பிக் கொண்டு வாங்கோ."

கடலோர வெளியில் முதற் காய்க்கு விதானையாரின் கண்ணாடியைக் கட்டினீர். தூரத்தில் நின்று உம்முடைய தோட்டாத் துவக்கால், குருவி சுடும் பொடிச் சன்னத்தில் ஒரு வெடி போட்டீர். கண்ணாடி பொடியாயிற்று. காயைப் பிளந்து எங்களுக்குக் காட்டினீர். சன்னங்கள் தோலோடு நின்றிருந்தன. கண்ணாடித் துண்டுகள் சதைக்குள் இறங்கியிருந்தன.

"வெறுங்கண்ணே இதைவிடத் திறம்," என்றீர். "கறுப்பு வேறை. பின்னேரத்திலை குறிப் பலகையும் தெரியாது, பக்கத்திலை நிக்கிறவனும் தெரியாது."

விதானையார் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போட்டுக்கொண்டார்.

இரண்டாவது காய்க்கு, மோட்டார்க் காரின் பக்கத் திரையில் வெட்டிய செலுலோயிட் தகடு. சன்னம் பட்டுத் தெறித்து விழுந்தது. தகட்டில் கீறல்கூட இல்லை. நான் கைதட்டினேன். நீர் தட்டவில்லை. இடியன் துவக்கின் கேப்புப் பக்கத்தைத் தகட்டுக்கு அருகே வைத்து ஒருமுறை வெடிக்க வைத்தீர். பொறி பறந்தது. தகடு ஒரே மூச்சில் பற்றி எரிந்தது. வெளி முழுக்கக் கற்பூர வாசம். அந்தப் பொருளைச் செய்வதே கற்பூரம் கலந்துதான் என்று நீர் அணைத்துக்கொண்டே விளக்கினீர். கூட்டத்தில் ஒருவர் பழக்கதோசத்தில் கும்பிட்டார்.

மூன்றாவதற்குக் கட்டியது நீர் மலாயாவில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது போட்ட பழைய கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் மெல்லிய ஒட்டுத்தகடு ஒன்று வைத்து அழுத்திச் செய்தது. சன்னம் பட்டதும் சிலந்தி வலைபோல் வெடித்தது. ஆனால் ஒரு துண்டும் கீழே விழவில்லை. பொறியும் அதை ஒன்றும் செய்யவில்லை.

"உடையட்டும், மச்சான். உடைஞ்சும் விழாமல் நிண்டால் காணும்."

அதைக் கழற்றி என் முகத்தில் மாட்டி, விளிம்புக்கும் கன்னத்துக்கும் இடையில் உம்முடைய சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தீர். ரப்பர் விளிம்பு விடவில்லை. "இதுக்குள்ளை என்ரை விரல் போகுமெண்டால் செம்புத் துண்டும் போகும்," என்றீர். யாழ்ப்பாணப் பட்டணத்து மோட்டார்ச் சாமான் கடைகளில் தேடி அதே மாதிரியில் நாலைந்து சோடி பிடித்து வந்தீர். முதல் சோடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே சூசையிடம் போனீர்.

அவன் போட்டுப் பார்த்தான். கழற்றித் திருப்பித் தந்தான்.

"குறை நினையாதையுங்கோ, அண்ணை. எனக்கு ஏலாது."

"ஏன்? அளவு சரியில்லையோ?"

"அளவெல்லாம் சரி."

காரணத்தை அவன் சொல்ல வேண்டி வரவில்லை. அவனுடைய வள்ளத்தில் பாய் கட்டும் பவிலு கரையிலிருந்து கூவினான்.

"சூசையண்ணை! இனி வள்ளத்தை ஆர் ஓட்டுறது? நீங்களோ, கண்ணாடியோ?"

கரை சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி உம்மிடம் சொன்னான்.

"கேட்டியளோ அண்ணை? இருக்கிறது ஒண்டு. அதுக்கும் கண்ணாடி போட்டால், அதுவும் போகுதெண்டுதான் கதைப்பினம். பிறகு என்ரை வள்ளத்திலை ஒருத்தரும் ஏறாயினம். கண் இருந்தும் என்ன பிரியோசனம்?"

இந்த இடத்தில்தான் படித்தவன் தேவைப்படுவான் என்று எண்ணி நான் முன்வந்தேன். கண்ணின் அமைப்பு, செம்பின் தீமை, மனைவி மக்கள் எல்லாவற்றையும் பற்றி விளக்கமாகப் பேசினேன். சூசை கடைசிவரை மரியாதையாகக் கேட்டான். "ஓம் ஐயா, நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி," என்றான். துவக்கை எடுத்துக்கொண்டு வெறுங்கண்ணோடு போனான். போடாவிட்டால் படையிலிருந்து விலத்தச் சொல்லி விதானையார் கத்தினார். நீர் அவர் கையைப் பிடித்து, "விடுங்கோ. அவன் சொல்லுறதிலை ஞாயம் இருக்கு," என்றீர். எனக்கு அன்று உம்மில் கோபம். கண் போகப் போகிறவனிடம் என்ன ஞாயம் என்று வழி நெடுகக் கேட்டேன்.

அடுத்த பயிற்சி நாளில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினீர். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் கிட்ட வரச் சொன்னீர். கண்ணாடிகளைத் துணி விரித்த மேசையில் வைத்திருந்தீர். கோயிலில் நகை வைப்பதுபோல.

"இது எல்லாருக்கும் இல்லை," என்றீர். "என்ரை தோட்டாத் துவக்காலை பலகையிலை மூண்டு தரம் அடிக்கிறவனுக்குத்தான். மற்றவைக்கு இடியன் துவக்கும் இல்லை. கம்போடை காவல் நிண்டால் காணும்."

தோட்டாத் துவக்கு பின்னால் ஒன்றும் கக்காது. அதனால் சோதனையில் எவருடைய கண்ணுக்கும் ஆபத்தில்லை. இதை நான் வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

விதானையார் முதலில் வந்தார். ஒரு வெடி மணலில். ஒரு வெடி பனையில். மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. சூசை வந்தான். மூன்றும் பலகையின் நடுவில். நீர் மேசையிலிருந்து ஒரு சோடியை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தீர். அவன் வாங்கத் தயங்கி நின்றான்.

"அப்ப இது கண் நோய்க்காரருக்கு இல்லையோ?" என்று பவிலு கேட்டான்.

"நோய்க்காரருக்கோ? விதானையாருக்கே இல்லை," என்றீர்.

சூசை போட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு பூசைக்கும் அதை மாட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. எங்கள் ஆளுக்குத்தான் முதற் கண்ணாடி என்று பவிலு எல்லாக் கரைகளிலும் சொல்லித் திரிந்தான். அவர்களுடைய வள்ளத்தில் ஏற ஆள் கூடியது. துரை வந்த அன்று, காப்புக் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியோடு நின்ற விதானையாரிடம் கண் இப்போது சுகமா என்று அன்பாகக் கேட்டார்.

அது நடந்தது ஒரு சாதாரண நாளில். துரையும் இல்லை, கூட்டமும் இல்லை. சூசை சுட்டான். துவக்கைத் தாழ்த்தினான். அசையாமல் நின்றான்.

"அண்ணை, முன்னாலை ஒண்டும் தெரியேல்லை. வலை கட்டின மாதிரிக் கிடக்கு. துடைச்சுத் தாங்கோ, மற்றத் துவக்காலையும் சுட்டிட்டுப் போறன்."

நீர் கழற்றினீர். வலப்பக்கக் கண்ணாடி வெளுத்து வெடித்திருந்தது. நட்ட நடுவில் நகத்தளவு செம்புத் துண்டு குத்தி நின்றது. இடப்பக்கம் பழுதில்லாமல் பளபளத்தது. சூசை தன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அதைப் பார்த்தான். பிறகு சிலுவை போட்டுக்கொண்டான். நீர் கடலில் இறங்கி முகத்தைக் கழுவினீர். வெகுநேரம் கழுவினீர். பென்சனியருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

சண்டை முடிந்தது. யப்பான்காரன் வரவில்லை. எங்களுக்குப் பயந்துதான் என்று விதானையார் கூறுகிறார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

நெடுந்தீவில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்க நீர் போனது மாரிமழைக் காலத்தில். காய்ச்சல் என்று செய்தி வந்து நான் வந்து சேர்ந்தபோது உமக்குப் பேச்சு இல்லை. மறுநாள் விடியவே போய்விட்டீர். வாடைக்காற்று கூரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஊரில் என் தங்கை காத்திருந்தாள். வள்ளக்காரர் கடலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுப்பகலில், தந்தியில் போன செய்தி கேட்டு எதிர்க்கரையிலிருந்து சூசையின் வள்ளம் வந்து சேர்ந்தது. அவன் நனைந்தபடியே உள்ளே வந்து உம்முடைய காலடியில் கொஞ்ச நேரம் நின்றான்.

"ஏத்துங்கோ," என்றான்.

"கல்லுக் கிடக்கிற கடல், சூசை. இந்த மழைக்குள்ளை தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும், ஐயா."

நாங்கள் ஏறினோம். பவிலு பாயைப் பிடித்தான். மழையும் அலையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உம்மைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூசை சுக்கானோடு எழுந்து நின்றான். ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஒற்றைக் கண் மழைக்குள் விழித்தபடி இருந்தது. சிமிட்டியதாக எனக்குத் தெரியவில்லை. வேலணைக் கரையில் வள்ளம் மணலைத் தொட்டபோது அவனுடைய விரல்கள் சுக்கானிலிருந்து விரியவில்லை. பவிலுதான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டான்.

"ஒரு கல்லிலையும் முட்டேல்லைத்தானே, ஐயா?" என்று என்னிடம் கேட்டான்.

"இல்லை," என்றேன்.

பிறகுதான் அழுதான்.

மச்சான், நல்லது சொன்னால் கேளாதவர்களை மூடர் என்று எழுதுவது என் பிழைப்புக்கு மிகவும் வசதியாக இருந்தது. இப்போது பேனாவை எடுக்குமுன், அந்த நல்லதை ஏற்றுக்கொண்டால் அவர்கள் யார் முன்னால் எதை இழப்பார்கள் என்று விசாரிக்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. விசாரித்து முடிவதற்குள் பகிடி போய்விடுகிறது. என் எழுத்தில் சிரிப்புக் குறைந்துவிட்டதாகப் பத்திரிகைக்காரர் குறைப்படுகிறார்.

குறையட்டும், மச்சான்.