நூலகத்தில் தேடிய பெயர்

முத்தாபுதுப்பேட்டை,
11.2.1998

அன்பு மகள் ஞானகுமாரிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதே. இந்த முறை புத்தி சொல்ல வரவில்லை. மாதா புண்ணியத்தில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி ஏது, நீ கடிதம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று கனடாவிலிருந்து திரும்பி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், "இன்னா அண்ணாத்தே, பாப்பா லெட்டரு போட்டுகீதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். விடாமல், "இன்னா எழுதிகீது?" என்றாள். அங்கே குளிர் அதிகமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான். ரொம்பத் தனியாக இருக்கிறதம்மா.

95-இல் உனக்கு அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. கட்டுரை அச்சானால் மட்டும் போதாது, மற்ற ஆராய்ச்சியாளர்கள் அதைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்ட வேண்டும், யார் யார் காட்டினார்கள் என்று சொல்வதற்கே தடித்தடிப் புத்தகங்கள் வருகின்றன என்று நீதான் எழுதியிருந்தாய். ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் பஸ் மாறி, கிண்டிப் பக்கம் ஒரு நூலகத்துக்குப் பெருமையாகப் போனேன். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஞானகுமாரியைத் தேடினேன். ஓர் இடத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்த கையோடு, உன் குவாண்டம் கம்ப்யூட்டரை உலகத்தில் ஒருத்தனும் சீண்டவில்லை, இன்னும் யாரும் செய்யாத இயந்திரத்துக்குக் கணக்குப் போட்டு ஆயுளை வீணாக்காதே, அம்பத்தூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலி இருக்கிறது, வந்து சேர் என்று எழுதிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்து இரும்பு பீஸ்களை அளந்தவன் நான். அளவுக்கு வராததைக் கழித்துப் போடத்தான் எனக்குத் தெரியும்.

அட்டை திரும்பியதும், நீ எங்கேதான் இருக்கிறாய் என்று ஏதாவது துப்புக் கிடைக்காதா என்று போன வாரம் மறுபடி அங்கே போனேன். எத்திராஜ் என்று ஒரு நூலக உதவியாளர், கொரட்டூர்க்காரன். நான் பக்கம் புரட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னா பெருசு, எந்தப் பேர்ல தேடிகினு கீற?" என்று கேட்டான். சொன்னேன். சிரித்துவிட்டான். "நம்ம ஊர்ல அப்பன் பேரு இனிஷியலு. அங்க அதான் பேரே. பொண்ணு பேரு இனிஷியலாப் பூடும். ஒன் பேர்ல பாரு" என்றான்.

பார்த்தேன். ஜோசப்ராஜ், ஜி. உன் 93-ஆம் வருஷக் கட்டுரை. அதன் கீழே, அதை மேற்கோள் காட்டிய முப்பத்தொரு பேர்! ஜப்பான்காரர், இஸ்ரேல்காரர், பிரேசில்காரர் எல்லாம். அவர்களில் ஒன்பது பேர், 95-இல் நான் பார்த்த அதே புத்தகத்திலேயே இருந்தார்கள். என் பெயரில் நான் எதற்குத் தேடப்போகிறேன், நான் என்ன ஆராய்ச்சி செய்தேன்? அவ்வளவு பேருக்கு நடுவில் அழுதுவிட்டேன். எத்திராஜ் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆசை விடவில்லை, புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறாளா பார் என்றேன். 96-க்குப் பிறகு ஜோசப்ராஜ் பெயரில் ஒன்றுமே இல்லை. அவன்தான் விஷயத்தை வைத்துத் தேடி, போன வருஷக் கட்டுரை ஒன்றை எடுத்து வந்தான். எழுதியவர் ஜி. குமாரி. "கல்யாணம் கட்டிகிச்சோ இன்னாவோ" என்றான். இல்லையம்மா, அது உன் பெயரையே இரண்டாகப் பிரித்தது, இங்கிலீஷில் ஞானாவுக்கு ஜி, மிச்சம் குமாரி. வேறு யார் பெயரையும் நீ சேர்க்கவில்லை, என் பெயரை மட்டும் எடுத்துவிட்டாய். உள்ளே 'என் முந்தைய கட்டுரை' என்று எழுதி, அடிக்குறிப்பில் ஜோசப்ராஜ் என்று போட்டிருந்தாய், யாரோ மூன்றாம் மனுஷரைச் சொல்வதுபோல. தலைப்புக்குக் கீழே இருந்த இங்கிலாந்து விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன்.

நான் எழுதியது தப்பு. உன் வேலையை அளக்க எனக்கு அருகதை இல்லை. என்னை மன்னித்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உனக்குத் துணையிருக்கட்டும். இன்னும் ஒன்று. பெயர் மாறினால் இனி உன் மேற்கோள் கணக்கு இரண்டு இடமாகப் பிரிந்துவிடும் என்கிறான் எத்திராஜ். பழைய கட்டுரையைப் படித்துவிட்டு உன்னைத் தேடுகிறவனுக்கு, இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? அதனால் அடுத்த கட்டுரையில் பழைய பெயரையே போட்டுக்கொள் மகளே. உன் வேலைக்காகத்தான் சொல்கிறேன். எனக்காக என்று கேட்க எனக்கு வாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜோசப்ராஜ்