எல்லாச் சத்தமும் உன்னிடமே வருகிறது

என் செல்லக் கரைச்சல் தம்பி குகனுக்கு,

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் ஒரு மாரி முடிந்துவிட்டது. மூதூர்ப் படகு இன்னும் பின்னேரத்தில் ஊதிக்கொண்டுதான் துறைக்கு வருகிறது. நீ மூதூரில் படிப்பித்துவிட்டு அதில் வீடு திரும்பிய காலத்தில், அந்த ஊதல் கேட்டதும் அம்மா குசினிக்குப் போய் உனக்கு மீன்கறி சூடாக்குவாரே, நீ போன பிறகும் அதை நிறுத்தவில்லை.

முதலில் படகுக்கு மட்டும்தான் எழும்பினார். பிறகு தெருவில் பாண் விற்க வருகிறவனின் ஆட்டோப் பாட்டுக்கு. கடைசியில் கூரையில் மழை விழுந்தாலும் அதே கதைதான்.

"தம்பி வாறான், பிள்ளை. அடுப்பைப் பத்த வை."

"அது மழையம்மா."

"ஓம், எனக்குத் தெரியும். நீ பத்த வை."

ஆராய்ச்சிக்காக என் கணினிக்குள் நான் கட்டிய நரம்பு வலையிலும் இதே கூத்துத்தான். "உங்கட பொம்மை மூளைக்கு இண்டைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டுக் கேட்டு வெறுப்பேற்றுவாயே, அதுதான். இரண்டு நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தால் அவற்றின் இணைப்பு வலுக்க வேண்டும் என்று விதி எழுதியிருந்தேன். இணைப்பு வலுக்கத் துடிப்புக் கூடியது. துடிப்புக் கூட இணைப்பு இன்னும் வலுத்தது. முடிவில் எதைக் காட்டினாலும் முழு வலையும் ஒரே விதமாகத் துடித்தது. எங்கள் வீட்டைப் போலவே இருந்தது, குகன். பார்த்துக்கொண்டிருந்து அழுதேன்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. துடிப்பு மிஞ்சும்போது ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கு வரும் எல்லா இணைப்புகளையும் ஒரே விகிதத்தில் தணித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் படகு படகாகவும் மழை மழையாகவும் கேட்கும். இறக்கக்கண்டியில் இருக்கும் சின்னம்மாவும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: "அக்காவைக் கொஞ்ச நாளைக்கு இஞ்ச கொண்டுவந்து விடு. இஞ்ச படகுச் சத்தம் கேக்காது." நான் மறுத்துவிட்டேன். அம்மாவும் எழும்பாவிட்டால் உன்னை எதிர்பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மா அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் மனமில்லாமல் அனுப்பிவைத்தேன். அங்கே நன்றாகத் தூங்குகிறாராம்.

நேற்றுப் படகு ஊதியது. வீட்டில் நான் மட்டும்தான். கறி கொதிக்கும் வாசம் வந்தபோதுதான், அடுப்பின் முன்னால் நான் நிற்பது எனக்கே தெரிந்தது.

நானும் தணித்துக்கொள்ளத்தான் வேண்டும், தம்பி. பயப்படாதே. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் தணித்தால், பெரிதாக இருந்தது அப்போதும் மற்றவற்றைவிடப் பெரிதாகவே இருக்கும். நாளைக்குப் படகு ஊதும்போது அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். ஊதல் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் பொம்மை மூளைக்கார அக்கா