லீக்ஸ் பாத்தியில் கெண்டை மீன்

டிக்கோயா,
09.02.2025

என் அன்பு டிலுக்ஷிக்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால், பள்ளிக்கூடப் படிப்பை விட்ட பிறகு முதல் தடவையாக இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தாலே எனக்குப் போதும்.

நீ தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருந்த நேரம், நம் லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த உன் லீக்ஸ் பாத்தியைத் தோண்டி மீன் தொட்டி கட்டினேன். வந்து பார்த்து ஆச்சரியப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ பார்த்த கையோடு ரயிலேறி வட்டகொடைக்கு அம்மா வீட்டுக்கே போய்விட்டாய்.

கெண்டைக் குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்துவிட்டன. கடைத் தீனி வாங்கி மாளவில்லை. பூண்டுலோயாவில் மாடு வளர்க்கும் கணேசமூர்த்தி அண்ணன் ஒரு பை அசோலா கொடுத்தார். தண்ணீரில் மிதந்தபடி வளரும் பொடி இலை. தொட்டிக்குப் பக்கத்தில் சின்னக் குழி வெட்டி, கறுப்புப் பொலித்தீன் விரித்து, சாணி கரைத்து வளர்க்கிறேன். ஒரு பிடி அள்ளிப் போட்டால் மீன்கள் கல்யாணப் பந்திக்கு முந்துகிற மாதிரி முந்துகின்றன. எத்தனை நாளைக்கு ஒருமுறை அள்ளுவது என்று கேட்க மறந்துவிட்டேன். செடி விஷயம் உனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லு. எப்போது வருகிறாய் என்றும் சொல்லு.

உன்
ஜூட்சன்


வட்டகொடை,
20.02.2025

ஜூட்சன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். நான் இங்கே அன்றன்றைக்குக் காசு தரும் கைக்காசு வேலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறேன். சும்மா உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

லீக்ஸுக்காகக் கோபித்துக்கொண்டேன் என்று லயத்தில் பேசுகிறார்களாம். லீக்ஸ் கிடக்கட்டும். டீவி வாங்கினீர்கள், மாதா படத்தை இடம் மாற்றினீர்கள், தேயிலை ஸ்டோரில் இரவு வேலைக்கு மாறினீர்கள். எதையாவது முதலில் என்னிடம் கேட்டீர்களா? அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "நான் சொல்றத கேட்டு ஒரே ஒரு வேல செய்யட்டும்மா, அப்புறம் போறேன்."

அசோலாவை நான் கண்டதில்லை. ஆனாலும் இலை இலைதானே. தினமும் கை வைத்தால் எந்தச் செடியும் தாங்காது. தேயிலை மலையில் நாள் கணக்குப் பார்த்து ரவுண்டு வைத்துக் கொழுந்தெடுப்பது போல, வாரத்தில் சனிக்கிழமை மட்டும் எடுங்கள். மற்ற நாளில் தொடக் கூடாது.

வருவதைப் பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

டிலுக்ஷி


டிக்கோயா,
18.03.2025

என் அன்பு டிலுக்ஷிக்கு,

நீ சொன்னபடி சனிக்கிழமை மட்டும்தான் எடுத்தேன். முதல் வாரம் குழி முழுக்கப் பச்சை. பிறகு பனி பட்டுப் போனது. மேலே பழுத்து, அடியில் அழுகி, நாற்றம் தாங்கவில்லை. ஒரு நாள் பெய்த மழையில் அந்தத் தண்ணீர் தொட்டியில் வழிந்து சில கெண்டைகள் செத்துப்போயின. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. இந்த ஊர்ப் பனிக்கு யார் என்ன செய்வது? நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

கணேசமூர்த்தி அண்ணன் வந்து பார்த்தார். இன்னொரு பை தருகிறேன் என்றார். குழியைச் சௌசௌப் பந்தலுக்கு அடியில் மாற்றலாமா? நீ சொல்லாமல் மண்வெட்டியை எடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குத் தனியாகப் போகிறேன். ஃபாதர் உன்னை விசாரித்தார். ஒரு முறை பதில் சொன்னேன். மறுபடி கேட்டபோது, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று நழுவிவிட்டேன். நீ இல்லாத வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை, டிலுக்ஷி.

உன்
ஜூட்சன்


வட்டகொடை,
05.04.2025

என் வீட்டுக்காரருக்கு,

நம் லயத்தில் பக்கத்து வீட்டு வேலாயி அக்கா எனக்குப் போன் எடுத்துப் பேசினார். கணேசமூர்த்தி அண்ணன் வந்து உங்களை ஏசியதைச் சொன்னார். "அசோலாவ தெனம் அள்ளணும்டா. இல்லாட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அழுகத்தான் செய்யும். வாரத்துக்கு ஒருக்கான்னு ஒனக்கு எவன் சொன்னது?" என்றாராம். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "யாரும் சொல்லலண்ணே, என் சொந்தப் புத்திதான்" என்றீர்களாம். லயமே சிரித்ததாம். எனக்கோ பனி என்று எழுதுகிறீர்கள்.

அது அழுகத் தொடங்கியபோதே, "அள்ளிருங்க தம்பி" என்று அக்கா சொன்னாராம். "சனிக்கெழம வரட்டும்க்கா" என்றீர்களாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா பயந்துபோய் ஓடி வந்தார்.

பார்க்காத செடிக்கு ரவுண்டு வைத்தவள் நான். செத்த மீன்களுக்கு நான்தான் பொறுப்பு. இனிமேல் நான் தப்பாகச் சொன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கேட்டு நடப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பது இல்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த லீக்ஸ் பாத்தியை நானே கொடுத்திருப்பேன்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் ரயிலில் வருகிறேன். அட்டன் ஸ்டேஷனுக்கு வாருங்கள். பந்தலுக்கு அடியில் இருட்டு அதிகம். கோழிக்கூட்டுக்குப் பின்னால் குழி வெட்டலாம் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சரிப்படாது என்றால் சரிப்படாது என்றே சொல்லுங்கள்.

உங்கள்
டிலுக்ஷி